ஊறப் போட மறந்த நாளில் எது மலிவு: கொள்ளா, கொண்டைக்கடலையா, தட்டைப்பயறா?

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு வரும், ஞாயிற்றுக்கிழமை கறியோ கோழியோ எடுத்துவிடுவோம், திங்களும் செவ்வாயும் காய்கறியோடு ஓடிவிடும், புதன்கிழமை ஆனால் பர்ஸைத் திறந்து பார்க்கவே மனசு வராது. அதனால் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் எங்கள் வீட்டில் பயறுதான். நான், வீட்டுக்காரர், மாமியார், ஆறாவது படிக்கிற பையன் என்று நான்கு வாய். இத்தனை வருஷம் கையில் கிடைத்த பயறை வேகவைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம்தான் உட்கார்ந்து, உண்மையில் எது காசை மிச்சப்படுத்துகிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். நான் நினைத்தது ஒன்று, வந்தது வேறு.

முதலில் ரேஷன் பருப்பைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். நம் ஊர் ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதோடு எதையும் போட்டி போட வைக்க முடியாது. ஆனால் கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான். சாம்பாருக்கும் அரிசிம்பருப்புச் சோற்றுக்கும் பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் கடையில் வாங்கினால் கிலோ 130, அங்கேதான் கேள்வியே ஆரம்பிக்கிறது.

நான் வாங்கும் மளிகைக் கடையில் போன வாரம் கொள்ளு கிலோ 80, கறுப்புக் கொண்டைக்கடலை 90, தட்டைப்பயறு 110, பச்சைப்பயறு 120, மொச்சை 170. உங்கள் ஊரில் பத்து இருபது முன்னே பின்னே இருக்கலாம், வரிசை பெரும்பாலும் இதேதான். நான்கு பேருக்கு ஒரு வேளைக் குழம்பு வைக்க 200 கிராம் போதும், ஊறி வெந்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். சத்தைப் பொறுத்தவரை இவற்றுக்குள் பெரிய சண்டை இல்லை, எல்லாமே 100 கிராமுக்கு 20 கிராமை ஒட்டிப் புரதம் தருகிறவைதான். 200 கிராம் பயறு என்றால் ஏறக்குறைய 40 கிராம் புரதம், நான்கு முட்டையில் வருவது 25 கிராம் அளவுதான். முட்டைப் புரதம் தரத்தில் ஒசத்தி என்பார்கள், சரிதான், ஆனால் பயறில் குறைகிறதை அரிசி நிரப்பிவிடுகிறது, அரிசியில் குறைகிறதைப் பயறு. சோறும் பயறும் சேர்த்துத் தின்ற பாட்டிமார்கள் கணக்குத் தெரியாமல் செய்ததில்லை.

அப்படியானால் கிலோ விலையில் குறைந்த கொள்ளுதானே ஜெயிக்க வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

200 கிராம் கொள்ளு 16 ரூபாய், தட்டைப்பயறு 22. வித்தியாசம் 6 ரூபாய். ஆனால் கொள்ளு ராத்திரி முழுக்க ஊறினாலும் குக்கரில் எட்டு விசில் விட்டு, அப்புறம் சிம்மில் பத்துப் பதினைந்து நிமிஷம் கிடந்தால்தான் மசியும். கேஸ் கணக்கு இப்படி: எங்களுக்கு 14.2 கிலோ சிலிண்டர் 45 நாள் வரும், 900 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 20 ரூபாய். அடுப்பு ஒரு நாளில் மொத்தம் இரண்டரை மணி நேரம் எரிகிறது, ஆக மணிக்கு 8 ரூபாய். கொள்ளுக்கு அரை மணி நேரம் கூடுதல் என்றால் 4 ரூபாய் அதிலேயே போயிற்று. மிச்சம் 2 ரூபாய். இந்த 2 ரூபாய்க்காகக் கல் அரித்து (கொள்ளில் கல் கிடக்கிற மாதிரி வேறு எதிலும் கிடக்காது, ஒரு தடவை பையனுக்குப் பல்லில் பட்டு அன்றைக்குச் சாப்பாடே நின்றது), முதல் நாளே ஊறப் போட்டு, அடுப்புப் பக்கத்திலேயே நிற்க வேண்டுமா என்று தோன்றியது.

ஆனாலும் கொள்ளைத் தள்ளிவிட முடியாது. காரணம் அந்தத் தண்ணீர். வெந்த தண்ணீரை வடித்துப் புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டால் ரசம். அடியில் இருக்கிற கொள்ளைச் சின்ன வெங்காயம், வரமிளகாய், கொத்தமல்லி விதை வதக்கிச் சேர்த்து அரைத்தால் கடைசல். ஒரே 16 ரூபாயில் ரசமும் சோற்றுக்குப் பிசைந்துகொள்ள ஒன்றும் ஆயிற்று. எங்கள் மாமியாருக்கு இது இருந்தால் போதும், வேறு தொட்டுக்கொள்ளக்கூடக் கேட்க மாட்டார். காங்கேயம் பக்கம் பிறந்தவர், காளைக்குக் கொள்ளு வேகவைக்கும்போது அந்தச் சட்டியிலேயே ஒரு கரண்டி மொண்டு உப்புப் போட்டுத் தின்ற கதையை எப்போது கொள்ளு வைத்தாலும் சொல்வார். வெயில் காலத்தில் மட்டும் சூடு என்று சொல்லித் தொடவிட மாட்டார். ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்கிற பழமொழியை நம்பி மெலிய வேண்டும் என்று தின்கிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் வீட்டில் அந்தக் கவலை யாருக்கும் கிடையாது. ஒன்றரை ஷிப்ட் அடித்தால் தானாக மெலிந்துவிடுவோம்.

அந்த ஒன்றரை ஷிப்டில்தான் விஷயமே இருக்கிறது. காலையில் எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருகிறேன். வந்து சமைத்து, பாத்திரம் கழுவி, பையன் நோட்டைப் பார்த்துவிட்டுப் படுக்கும்போது மறுநாளுக்கு ஊறப் போட வேண்டும் என்று ஞாபகம் இருந்தால் அது அதிசயம். நோட்டில் நான் கடைசியாகச் சேர்த்த கணக்கு இதுதான்: ஊறப் போட மறந்த ஒவ்வொரு நாளும் என்ன ஆயிற்று? இரண்டு தடவை பரோட்டா பார்சல், ஒரு தடவை தள்ளுவண்டியில் இட்லி. நான்கு பேருக்குப் பரோட்டா வாங்கினால் 150 ரூபாய்க்குக் குறையாது. கொள்ளிலும் கடலையிலும் மாதம் முழுக்க எண்ணி எண்ணி மிச்சம் பிடித்தது ஒரே ராத்திரியில் கரைந்துவிட்டது.

இந்தத் தராசில் நிறுத்தினால் கொண்டைக்கடலைக்குத்தான் பெரிய அடி. ஊறாத கடலை குக்கரில் வழக்கமான விசிலுக்கு வேகாது, நடுவில் கல் மாதிரி நிற்கும். ஒரு நாள் காலையில் என்ன செய்வதென்று முழித்துக்கொண்டிருந்தபோது மாமியார் எட்டிப் பார்த்து, “ஏன் கண்ணு, ராத்திரியே ஊறப் போடலியா?” என்றார். “மறந்துட்டனுங்க அத்தை” என்றேன். “சுடுதண்ணிய ஊத்தி மூடி வையி, சாயங்காலம் பாத்துக்கலாம்” என்று அவரே கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஹாட்பாக்ஸில் மூடி வைத்தார். இது நிஜமாகவே வேலை செய்கிறது, ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் பாதி ராத்திரி ஊறின அளவுக்கு வந்துவிடும், அப்புறம் ஏழெட்டு விசில். ஆனால் வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு இந்த வித்தை எதற்கும் ஆகாது.

கடலையின் இன்னொரு செலவு கூட்டாளிகளால் வருவது. கடலை தனியாகக் குழம்பு ஆகாது. வெந்தாலும் முழுசாக நிற்கிற ஜாதி, குழம்புக்குக் கெட்டி கொடுக்காது, அதனால் தேங்காய் அரைக்க வேண்டும், இல்லையென்றால் வெங்காயம் தக்காளியை அள்ளிப் போட்டு மசாலா அரைக்க வேண்டும். தேங்காய் இப்போது விற்கிற விலைக்கு அரை மூடி போட்டால் கடலையின் விலையைத் தாண்டிவிடும். 18 ரூபாய்ப் பயறுக்கு 25 ரூபாய்க் குழம்பு. சுண்டலாகச் செய்தால் இந்தத் தொல்லை இல்லை, கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து முடித்துவிடலாம், பையன் டப்பாவுக்கும் ஆகும். ஆனால் சோற்றுக்குச் சுண்டலைப் பிசைந்து தின்ன முடியாதே.

சரி, தட்டைப்பயறு. காராமணி என்று சென்னைப் பக்கம் சொல்வார்களே, அதுதான். வெறும் வாணலியில் வாசம் வரும் வரை வறுத்து, கழுவி, நேராகக் குக்கரில் ஐந்தாறு விசில், முடிந்தது. ஒரு மணி நேரம் ஊறியிருந்தால் மூன்று விசில் போதும், மறந்தால் ஒன்றும் குடி முழுகாது. வெந்த பயறில் கால் பங்கைக் கரண்டியால் மசித்துவிட்டால் குழம்பு தானே கெட்டியாகும், தேங்காய் கேட்காது. இரண்டு கத்தரிக்காய், நாலு சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, கொஞ்சம் புளி. தட்டப்பயிறு கத்தரிக்காய்க் குழம்பு வைக்கத் தெரியாத வீடு இந்தப் பக்கம் கிடையாது. எண்ணெய், காய், கேஸ் எல்லாம் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன், நான்கு பேருக்கு 45 ரூபாய்க்குள் முடிந்தது. மிச்சமிருந்தால் மறுநாள் காலை இன்னும் ருசி. வெள்ளை, சிவப்பு இரண்டில் எது என்று கேட்டால் குழம்புக்கு நான் சிவப்புதான் எடுப்பேன், மண்வாசம் மாதிரி ஒரு வாசம் வெள்ளையில் வராது. இது கணக்கு இல்லை, நாக்கு.

குறை இல்லாமல் இல்லை. வண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று மூன்று கிலோ வாங்கி வைத்தால் இரண்டு மாதத்தில் பயறில் ஓட்டை, டப்பாவில் மாவு. வேப்பிலை போடலாம், வெயிலில் காயவைக்கலாம், ஆனால் வாரம் அரைக் கிலோ வாங்கி அந்த வாரமே தீர்த்துவிடுவதுதான் எனக்குச் சரிப்பட்டது. மூட்டை விலைக்கு ஆசைப்பட்டு வண்டுக்குச் சோறு போட்டவள் நான்.

பச்சைப்பயறும் இதே குணம்தான், ஊறவே வேண்டாம், நாலைந்து விசிலில் குழைந்துவிடும். பூண்டு, சீரகம், பச்சைமிளகாய் போட்டுக் கடைந்தால் காய்கூட வேண்டாம், 200 கிராமுக்கு 24 ரூபாய், மொத்தமே 35 ரூபாயில் முடியும். கையில் ஒன்றுமே இல்லாத வெள்ளிக்கிழமைக்கு இதைவிட்டால் கதி இல்லை. துணியில் கட்டி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் முளைவிடும், அப்படியே தாளித்துச் சாப்பிடலாம், வயிற்றுப் பொருமலும் குறையும். அப்படிப் பார்த்தால் தட்டைப்பயறைவிட இதுதான் மலிவு. ஆனால் வாரத்தில் இரண்டாவது தடவை கடைசலைத் தட்டில் பார்த்தால் என் பையன் தட்டைத் தள்ளிவிடுகிறான், அப்புறம் அவனுக்குத் தனியாக ஒரு முட்டை. தின்னாத சோற்றையும் செலவில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மொச்சையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, காய்ந்தது விலை ஜாஸ்தி, ராத்திரி ஊற வேண்டும். தை மாதம் பச்சை மொச்சைக்காய் சந்தையில் குவியும்போது வாங்குவதோடு சரி. ராஜ்மா எங்கள் சமையலுக்கு ஒட்டவில்லை, விலையும் கூட. யாராவது செய்வதானால் ஒன்று மட்டும்: ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கக் கொதிக்க வேகவையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கிற நச்சு வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும், குக்கரில் விசில் விட்டு வேகவைத்தால் பயமில்லை. மீல்மேக்கர் பயறு இல்லை, எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது, புரதம் 100 கிராமுக்கு 50 கிராம் வரை இருப்பதால் கணக்கில் எல்லாவற்றையும் அடித்துவிடும், பையனும் கறி மாதிரி இருக்கிறது என்று தின்கிறான். மசாலாவும் எண்ணெயும் இல்லாமல் அது வெறும் ஸ்பாஞ்சு, அதுதான் பிரச்சினை.

எந்தப் பயறாக இருந்தாலும் சில விஷயங்கள் கேஸை மிச்சப்படுத்துகின்றன. புளியும் தக்காளியும் பயறு வெந்த பிறகுதான், முதலிலேயே போட்டால் புளிப்பு தோலையும் உள்ளேயும் இறுக்கிவிடும், வேகவே வேகாது. உப்புப் போட்டால் வேகாது என்பது மட்டும் சும்மா, ஊறும் தண்ணீரில் உப்புப் போட்டால் தோல் இன்னும் மெத்தென்று ஆகும். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும், அதில் வேகவைத்தால் கூடுதலாக நாலு விசில் தேவைப்படும், குடிக்கிற தண்ணீரில் வைத்தால் அந்தக் கேஸ் மிச்சம். ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் சட்டென்று வெந்துவிடும், ஆனால் பயறில் இருக்கிற பி1 சத்து அதில் அழிந்துபோகும். எப்போதாவது என்றால் பரவாயில்லை, பழக்கமாக வேண்டாம்.

அப்புறம் பழைய சரக்கு. போன தீபாவளிக்கு முன்னால் ஒரு கடையில் கிலோவுக்கு 20 ரூபாய் குறைவு என்று கொண்டைக்கடலை வாங்கினேன். ராத்திரி முழுக்க ஊறியும் பன்னிரண்டு விசிலுக்கு அசையவில்லை, வருஷக்கணக்கில் கிடந்ததாக இருக்க வேண்டும். பயறு பழசாகப் பழசாக உள்ளே இறுகிவிடும், அதற்கப்புறம் எவ்வளவு கேஸ் எரித்தாலும் வீண்தான். இப்போது வாங்கும் கடையில், “புதுச் சரக்குங்களாண்ணா?” என்று கேட்காமல் வாங்குவதில்லை. “போன வாரம் வந்ததுங்கக்கா, நெறத்தப் பாருங்க” என்பார். உண்மையிலேயே நிறம் சொல்லிவிடும், பழசு கறுத்துச் சுருங்கி இருக்கும்.

ஆக, எங்கள் வீட்டில் இப்போது நடப்பது இது. சனிக்கிழமை வாங்கும்போது தட்டைப்பயறு அரைக் கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, கொள்ளு கால் கிலோ. புதனும் வியாழனும் தட்டைப்பயறு, ஒரு நாள் கத்தரிக்காயோடு, ஒரு நாள் கீரைத்தண்டோடு. வெள்ளி பச்சைப்பயறு கடைசல். கொண்டைக்கடலை, மாமியார் உடம்பு சுகமாக வீட்டில் இருந்து சுடுதண்ணீர் ஊற்றி வைக்கிறேன் என்று சொல்கிற வாரம் மட்டும். கொள்ளு ஞாயிற்றுக்கிழமைக்கு, கறி எடுக்காத ஞாயிறாக இருந்தால். இந்த வாரத்துக் கொள்ளு இன்னும் டப்பாவில் அப்படியே இருக்கிறது. கப்பல் ஆர்டர் அவசரம், ஞாயிறும் வா என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார், அதனால் ரசம் அடுத்த வாரம்தான்.