463எல் பேலட்: கடையில் கிடைக்காத சாமானுக்கு ஒரு விமர்சனம்

அமேசானில் தேடாதீர்கள், கிடைக்காது. அமெரிக்க விமானப்படையில் ஆட்களையும் சரக்கையும் விமானத்தில் ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அம்மா இன்னமும் ஊரில் "பையன் பிளேன் ஓட்டினான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓட்டவில்லை அம்மா, லோடு ஏற்றினேன். அந்த வேலையில் தினமும் கையில் பட்டது, சரக்கை அடுக்கிக் கட்டி விமானத்தில் ஏற்றுகிற இந்தப் பலகை. ஃபோனுக்கும் மிக்ஸிக்கும் விமர்சனம் எழுதுகிறார்கள், இதற்கும் ஒன்று இருக்கட்டும்.

108 அங்குல நீளம், 88 அங்குல அகலம், இரண்டேகால் அங்குலக் கனம். மேலும் கீழும் அலுமினியத் தகடு, உள்ளே பால்சா மரம். பிள்ளைகள் பொம்மை விமானம் செய்கிற அதே லேசான மரம்தான். பலகை மட்டும் 290 பவுண்டு. அதன்மேல் 10,000 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ நாலரை டன் ஏற்றலாம். விளிம்பைச் சுற்றி 22 வளையங்கள், ஒவ்வொன்றும் 7,500 பவுண்டு இழுப்பைத் தாங்கும். பக்கவாட்டில் இருக்கிற வெட்டுகளில் விமானத் தரையின் பூட்டுகள் வந்து விழ வேண்டும். கடைசிப் பூட்டு 'டொக்' என்று விழுந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வரும்.

இதன் பெரிய பலம், எங்கே போனாலும் பொருந்துவது. கிடங்கிலும் லாரியிலும் விமான வாசல் உயரத்துக்குப் பேலட்டைத் தூக்கும் கே-லோடர் வண்டியிலும் விமானத்திலும் உருளைகள் ஒரே அளவுக்கு இருக்கின்றன. அமெரிக்காவின் டோவர் விமானப்படைத் தளத்தில் கட்டிய லோடை ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இறக்கி வேறு விமானத்துக்கு மாற்ற ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்க வேண்டாம். சரக்கு விமானங்களில் சி-17இல் 18 பேலட், அதைவிடப் பெரிய சி-5இல் 36. இந்திய விமானப்படை வாங்கிய பதினோரு சி-17களிலும் இதே பேலட்தான் ஏறுகிறது.

இது இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு பெர்லினைப் பார்த்தால் போதும். 1948-49இல் ரஷ்யர்கள் சாலையை அடைத்தபோது ஒரு நகரத்துக்கே நிலக்கரியும் மாவும் விமானத்தில் போயின. 1949 ஈஸ்டர் சமயத்தில் 24 மணி நேரத்தில் 12,941 டன் நிலக்கரி. எல்லாம் மூட்டை மூட்டையாக, தோளில் சுமந்து ஏற்றி இறக்கியது. அந்தப் பணியை நடத்திய ஜெனரல் டன்னரின் பெயரைத்தான் ஆறு பேலட் தூக்கும் 60,000 பவுண்டு லோடருக்கு வைத்திருக்கிறார்கள். சின்ன லோடருக்கு ஹால்வர்சன் பெயர். பெர்லின் பிள்ளைகளுக்குக் கைக்குட்டையில் சாக்லேட் கட்டி விமானத்திலிருந்து போட்டாரே, அவர்தான். எனக்கு ஹால்வர்சன்தான் பிடிக்கும். வண்டியைச் சொல்கிறேன், டன்னர் திரும்புவதற்குள் பொறுமை போய்விடும்.

இனி குறைகள். முதல் குறை, சரக்கு சரியாமல் மேலே போட்டுக் கட்டும் வலை. ஒரு பேலட்டுக்குப் பக்க வலை இரண்டு, மேல் வலை ஒன்று, மூன்றும் சேர்ந்து 65 பவுண்டு. இது காய்ந்திருக்கும்போது உள்ள கணக்கு. மழையில் நனைந்த வலையைத் தலைக்கு மேலே வீசிப் பாருங்கள், தண்ணீரில் ஊறிய ஜமக்காளமே தோற்றுப்போகும். டோவரின் ஜனவரியில் அதே வலை விறைத்து நிற்கும், கொக்கி வளையத்துக்குள் போகாது, கையுறையைக் கழற்றினால் விரல் போய்விடும். கத்தாரில் நேர்மாறு: தகடு கொதிக்கும், அதன்மேல் முட்டி போட முடியாது. இத்தனை வருடத்தில் விமானங்கள் எத்தனையோ மாறிவிட்டன, வலையை இழுத்துக் கட்டுவது மட்டும் மனிதன் கைதான்.

இரண்டாவது, ஓட்டை. ஃபோர்க்லிஃப்டின் பல் குத்தித் தகடு கிழிந்தால் உள்ளே தண்ணீர் இறங்கும், பால்சா அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. எடைக் கணக்கு தப்பினால் விமானத்தின் சமநிலைக் கணக்கும் தப்பும், அதனால் கட்டுவதற்கு முன் புரட்டிப் பார்ப்பது சோம்பேறிகளுக்கும் கட்டாயம். இதைத் தரையில் அப்படியே வைக்கவும் கூடாது. அடியில் மூன்று கட்டைகள் வேண்டும். எந்த முகாமுக்குப் போனாலும் இரண்டு கட்டை இருக்கும், மூன்றாவதைத் தேடித்தான் ஒருவன் அலைவான். பெரும்பாலும் புதிதாக வந்தவன்.

பயணிகளுக்கும் இதே பலகைதான். இருக்கை வரிசையையும் கழிப்பறையையும் இதன்மேல் பொருத்தி உள்ளே தள்ளுவோம். பெட்டிகளைத் தனியாக ஒன்றில் அடுக்கி வலை போடுவோம். காலையில் கவுன்டரில் "உங்கள் பை எழுபது பவுண்டைத் தாண்டுகிறது, மேடம்" என்று சிரித்தவன் மாலையில் விமானக் கழிப்பறை காலி செய்யப் போவான். எங்கள் பிரிவில் எல்லா வேலையும் எல்லாருக்கும் வரும்.

பேலட்டே இல்லாமல் ஆட்களை ஏற்றிய நாளும் உண்டு. 2021 ஆகஸ்ட் 15 இரவு, தாலிபான் பிடித்த காபூலிலிருந்து கிளம்பிய சி-17இல் இருக்கைகள் இல்லை. சரக்குப் பட்டைகளைக் குறுக்கே இழுத்துக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார வைத்தார்கள். முதலில் 640 பேர் என்று அறிவித்தார்கள். அது பெரியவர்கள் கணக்கு. 183 பிள்ளைகளைச் சேர்த்தபோது 823. பயணிகள் பட்டியல் எழுதிப் பழகியவன் என்பதால் எனக்கு அந்தச் செய்தியில் 183தான் நின்றது.

மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று முழுக்க வலைக்கு.

இந்த வேலைக்குச் சேரலாமா என்று கேட்கும் நம் பிள்ளைகளுக்கு: முதல் நாளிலிருந்தே காதடைப்பான் போடுங்கள், முதுகால் தூக்காதீர்கள், நல்ல கையுறைக்குச் சொந்தக் காசு செலவழியுங்கள். வெளியே வந்தபின் சரக்கு விமான நிறுவனங்களில் வேலை தேடலாம். ஆனால் அங்கே பேலட் வேறு அளவு, 125 அங்குல நீளம், மெலிந்த தகடு. வலையும் பெரும்பாலும் ஒரே துண்டுதான். பார்க்கவே வயிற்றெரிச்சல்.