கிட்னி மாத்தின பிறகு கிளினிக்: ஒரு மிஸ், ஒரு சீஆர் கொப்பி

அக்கா தந்த கிட்னியோட எனக்கு சில வருசம் ஓடிட்டு, கிளினிக் கொழும்பிலதான், இடத்தின்ர பேர் வேண்டாம். ஒப்பரேசன் கதை எல்லாரும் சொல்லுவினம், அதுக்குப் பிறகு எங்களக் கொண்டு இழுக்கிறது எங்கட ரிசல்ட், குளிசை எல்லாத்தையும் பாத்துக்கொள்ளுற கோர்டினேட்டர் மிஸ்தான், டொக்டரக் காணுறது கொஞ்ச நிமிசம்.

டாக்ரோலிமஸ் எண்டது புதுக் கிட்னிய உடம்பு தள்ளாம இருக்கப் போடுற குளிசை, ரத்தத்தில அதின்ர லெவல் பாக்கிற நாள் காலமைக் குளிசை போடக்கூடாது, ராத்திரிக் குளிசைக்கு 12 மணித்தியாலம் கழிச்சுத்தான் ரத்தம் எடுப்பினம், குளிசைய பேக்குக்குள்ள வச்சுக்கொண்டு வெள்ளவத்தையில பஸ் ஏறுவன். ரிசல்ட் வந்தா மிஸ் சீஆர் கொப்பியில (தடிச்ச மட்டைக் கொப்பி) கிரியேட்டினினுக்கு, அதான் கிட்னி எப்பிடி வேலை செய்யுதெண்டு காட்டுற ரத்த ரிசல்ட்டுக்கு, பக்கத்தில எழுதிப்போட்டு பின்னேரமே கோல் எடுப்பா, "தம்பி, இரவைக்கு ஒண்டரை இல்ல, ஒண்டு போடுங்கோ". ஒருக்கா இருமலுக்கு வெளியில கிளாரித்ரோமைசின் எண்ட அன்டிபயோடிக் எழுதித் தந்தாங்கள், மிஸ்ஸிட்டக் கேட்டா வேண்டவே வேண்டாம் எண்டுட்டா, அது டாக்ரோலிமஸ் லெவல ஏத்தி கிட்னியையே அடிச்சுப்போடுமாம்.

முந்தி கோர்டினேட்டர் ரெண்டு பேர் இருந்தவை. 2022க்குப் பிறகு ஒராள் வெளிநாடு போயிட்டா, அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரேல்ல. இப்ப கோல் வர ரெண்டு மூண்டு நாள் ஆகுது, மிஸ் லீவெண்டா கொப்பி அலுமாரிக்குள்ள பூட்டு. அவவக் குறை சொல்லேலாது, சாப்பிடவே நேரமில்லாம நிக்கிறா. வருசா வருசம் புது ஆக்கள் சேருகினம், பழைய ஆக்களும் கிட்னி வேலை செய்யிற வரைக்கும் வந்துகொண்டுதான் இருக்கோணும், லிஸ்ட் நீளுமே தவிர குறையாது. வார்டெண்டா கட்டில எண்ணி நேர்ஸ் கேக்கலாம், எங்களுக்குக் கட்டிலே இல்லயே!

இதில முதல்ல விடுபடுறது கிட்னி தந்த ஆக்கள். அக்காவுக்கு வருசத்துக்கு ஒருக்கா பிரஷர், கிரியேட்டினின், யூரின்ல புரோட்டீன் பாக்கோணும், முந்தி மிஸ்ஸே ஞாபகப்படுத்துவா, இப்ப ஒருத்தரும் கூப்பிடுறேல்ல, அக்காவும் "எனக்கென்ன வருத்தமா" எண்டு இருந்திட்டா. நான்தான் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனன்.

அமெரிக்காவில மெடிகெயர் எண்ட அரசாங்க ஹெல்த் இன்சூரன்ஸின்ர ரூல்படி ட்ரான்ஸ்பிளாண்ட் சென்டருக்கு கிளினிக்கல் கோர்டினேட்டர் கட்டாயம், ஆனா இத்தனை நோயாளிக்கு இத்தனை பேர் எண்டு அதிலயும் நம்பர் போடேல்ல.

இனி செய்யப்போற ஆக்கள் சர்ஜன் ஆரெண்டு மட்டும் விசாரிக்காதீங்கோ, கோர்டினேட்டர் எத்தனை பேர், மிஸ் லீவில நிக்கேக்க போனை ஆர் எடுப்பினம் எண்டும் கேளுங்கோ.