டிசம்பரில் திருகோணமலைக்குப் பயணம் விற்கிறார்களா? பணம் கட்டும் முன் இதை வாசியுங்கள்

2023 டிசம்பர் கடைசி வாரத்தில் அம்மா, மனைவி, மகள் ஆகியோருடன் இலங்கைக்குச் சென்று வந்தேன். அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த நாகர்கோவில் முகவர் ஒருவரிடம் இரண்டு வகையில் ஏமாந்தேன். இலங்கையின் பருவத்தைப் பற்றிப் பாதி உண்மையைச் சொல்லி, போகக்கூடாத காலத்தில் போகக்கூடாத கடற்கரையை எங்களுக்கு விற்றார். அந்த நேரத்தில் இந்தியருக்கு இலவசமாக இருந்த விசாவுக்கும் பணம் வாங்கினார். நம் குமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரம் வழியாகக் கொழும்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பறந்துவிடலாம் என்பதால் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இங்கே அதிகம். அவர்களுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

திருஞானசம்பந்தர் பாடிய, திருகோணமலையிலுள்ள திருக்கோணேச்சரம் சிவன் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. கோயிலோடு, அருகிலுள்ள நிலாவெளிக் கடற்கரையில் இரண்டு இரவுகள், அங்கிருந்து புறாத்தீவுக்குப் படகு, பிறகு கண்டி என்று முகவர் திட்டம் வகுத்துக் கொடுத்தார். ஆளுக்கு 58,000 ரூபாய். அதற்கு மேல் சீசன் கூடுதல் கட்டணமாக ஆளுக்கு 5,000, விசாவுக்கு ஆளுக்கு 4,500. நவம்பர் முதல் வாரத்திலேயே முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். ரசீதில் மொத்தத் தொகை மட்டும்தான் எழுதியிருந்தது. எந்தத் தொகை எதற்கு என்ற விவரம் இல்லை.

டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை வெள்ளம் மூழ்கடித்ததும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். நம் ஊர்களிலும் மழை விடவில்லை. இங்கேயே இப்படி இருக்கிறதே, அங்கே எப்படி இருக்கும், பயணத்தைத் தள்ளி வைக்க முடியுமா என்று முகவரைக் கேட்டேன். "அண்ணாச்சி, இலங்கைக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் சீசன், உலகமே அப்பதான் வருது, நீங்க தைரியமா போயிட்டு வாங்க" என்றார். தேதியை மாற்றினால் பாதிப் பணம் போய்விடும் என்றும் சொன்னார்.

அவர் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன் என்பது கொழும்பு, காலி, மிரிசை போன்ற மேற்கு, தெற்குக் கரைகளுக்கு முற்றிலும் உண்மை. கிழக்குக் கரையில் இருக்கும் திருகோணமலைக்கு அந்தக் கணக்கில் பாதி மாதங்கள் மழைக்காலம். அந்தத் தீவுக்கு ஒரே சீசன் என்பது கிடையாது. எந்தக் கரை என்பதைச் சொல்லாமல் மாதத்தை மட்டும் சொல்பவர் எதையும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கக்கூடியது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் பெற்று, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைவித்த மண் நம்முடையது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் நனைந்து கிடக்கும் ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் காற்றாலைகளைச் சுழற்றும் வறண்ட காற்றுதான் வீசும். இங்கே மேற்குத் தொடர்ச்சி மலை செய்யும் வேலையை அங்கே தீவின் நடுவிலுள்ள மலைநாடு செய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கொண்டுவரும் மழையை அந்த மலை தடுத்துத் தென்மேற்குப் பகுதியிலேயே கொட்ட வைக்கிறது. அப்போது திருகோணமலை வெயிலில் காய்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று திசை மாறி, வடக்கும் கிழக்கும் நனைகின்றன. இடைப்பட்ட அக்டோபர், நவம்பரில் தீவின் எந்தப் பகுதியிலும் மழை வரலாம். கரையோரங்களில் வெப்பம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை என்பதால், பயண மாதத்தைத் தீர்மானிக்க வேண்டியது மழையையும் கடலையும் பார்த்துத்தான். இத்தனையும் தெரிந்த ஊரில் பிறந்துவிட்டு, ஒரு வரைபடத்தை விரித்துப் பார்க்காமல் பணம் கட்டினேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

டிசம்பர் 25 காலை நிலாவெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது கடல் கலங்கிச் செம்மண் நிறத்தில் இருந்தது. படகுகள் அனைத்தையும் தென்னை மரங்களின் அடி வரை இழுத்து ஏற்றி, எஞ்சின்களைக் கழற்றிவிட்டு, தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். 'படகுச் சவாரி, 4 பேர்' என்று அச்சிட்ட சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு குடைக்குள் நின்ற என்னைப் பார்த்து, வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "இப்ப மாரி காலம் அண்ணை, சித்திரைக்குப் பிறகு வாங்கோ, கடல் குளம் மாதிரிக் கிடக்கும்" என்றார். சீட்டின் மை என் விரலில் ஒட்டியிருந்தது. மறுநாள் டிசம்பர் 26, சுனாமி நினைவு நாள். குளச்சலிலும் மணக்குடியிலும் உறவுகளைப் பறிகொடுத்த ஊர்க்காரர்களான நாங்கள், அதே அலை அடித்த இன்னொரு கரையில் கொந்தளிக்கும் கடலைப் பார்த்தபடி அறையிலேயே இருந்தோம். அம்மா மட்டும் மழை சற்று ஓய்ந்த நேரத்தில் கோயில் இருக்கும் சுவாமி மலையில் ஏறி, கோணேசரை வழிபட்டு வந்தார். அந்த அளவில் பயணம் வீண்போகவில்லை.

தங்கிய விடுதியில் எங்களைத் தவிர ஒரே ஒரு குடும்பம்தான் இருந்தது. உரிமையாளரிடம் பேசியபோதுதான், அவர் முகவரிடம் வாங்கியது ஆண்டிலேயே குறைந்த வாடகை என்பது தெரிந்தது. அந்த வாடகையைச் செலுத்திவிட்டுத்தான் முகவர் எங்களிடம் சீசன் கட்டணம் என்று 20,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

விசா விவகாரம் ஊர் திரும்பிய பிறகு வெளிப்பட்டது. இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டவருக்கு, 2024 மார்ச் 31 வரை சுற்றுலா விசா இலவசம் என்று இலங்கை அமைச்சரவை 2023 அக்டோபரிலேயே முடிவு செய்து அறிவித்திருந்தது. நான் பணம் கட்டியது அதற்குப் பிறகு. விண்ணப்பம் நிரப்பிய கூலி என்று சொல்லி வாங்கியிருந்தால் அது வேறு விஷயம். அரசுக் கட்டணம் என்று சொல்லி வாங்கினார். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே கிளம்பும் வாரத்தில் இலங்கைக் குடிவரவுத் துறையின் அரசுத் தளத்தை நீங்களே திறந்து கட்டணத்தைப் பாருங்கள்.

கோணேச்சரமும் நிலாவெளியும் வேண்டுமென்றால் ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் போங்கள். தென்கரையும், மிரிசையில் திமிங்கிலம் பார்க்கும் படகும் வேண்டுமென்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. சிவனொளிபாத மலை ஏறும் யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. நுவரெலியா 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் ஜனவரி இரவுகளில் கம்பளி இல்லாமல் தாங்காது. பௌர்ணமி நாள் ஒவ்வொன்றும் அங்கே போயா விடுமுறை. பல கடைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும். கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, நேரம் நம்முடையதேதான். நாங்கள் போனபோது நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய பணம் நாலு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. சில விடுதிகளில் சதுர முனைப் பிளக் மட்டுமே பொருந்துகிறது என்பதால் ஒரு மாற்றுப் பிளக் கையில் இருக்கட்டும்.

பணத்தைக் கேட்டு மூன்று முறை நேரில் போனேன். மழைக்கு நான் என்ன செய்ய முடியும் என்றுதான் பதில் வந்தது. வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பிய பிறகு விசாவுக்கு வாங்கிய 18,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். சீசன் கட்டணமும் படகுப் பணமும் வரவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம். 'டிசம்பர்தான் சீசன்' என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்பியிருந்த செய்தியை நான் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் வழக்கறிஞரால் அறிவிப்பே எழுத முடிந்தது. வாய்மொழியாகச் சொல்வதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரசீதில் விசா, விடுதி, படகு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

போன வாரம் அந்த அலுவலகத்தைக் கடந்து போனேன். கிறிஸ்துமஸ் விடுமுறைச் சிறப்புப் பயணம் என்ற புதிய பதாகையில், நீலக் கடலும் வெள்ளை மணலுமாக அதே நிலாவெளிப் படம் இருக்கிறது.