பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கு எந்த நினைவாற்றல் சோதனை?

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் பழம் பறித்தே முதுமையடைந்த, பள்ளிப் படியேறாத பாட்டி ஒருவரை மறதி நோய்க்கான ஐயத்துடன் சேலத்திற்கு அழைத்து வந்தால், மருத்துவர் எந்தக் கேள்வித்தாளை எடுக்கிறார் என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது.

1975-இல் வெளிவந்த எம்.எம்.எஸ்.இ. என்னும் சுருக்கமான மனநிலைச் சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண். 24-க்குக் கீழ் இறங்கினால் பொதுவாக ஐயத்திற்கு இடமுண்டு. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க 5, எழுதியதைப் படித்து அதன்படி செய்ய 1, ஒரு வாக்கியம் எழுத 1, ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1 எனக் கூட்டிப் பாருங்கள். நினைவு சற்றும் குன்றாத பாட்டியும் இந்த 8 மதிப்பெண்ணை இழந்து 22-இல் நின்றுவிடுவார். சந்தையில் சில்லறைக் கணக்கில் ஏமாறாதவர், தாளில் நோயாளியாகிறார்.

2005-இல் வந்த மோக்கா என்னும் இன்னொரு சோதனைக்கும் 30 மதிப்பெண்தான், எல்லைக்கோடு 26. ஐந்து சொற்களைச் சொல்லிக்கொடுத்து, சில நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்பதால் தொடக்க நிலைச் சரிவும் இதில் பிடிபடும். உருக்காலையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர் எம்.எம்.எஸ்.இ.யில் 29 வாங்கியும் வீட்டார் மறதி என்று குறை சொல்கிறார்கள் என்றால், இதையே தேர்வேன். பாட்டிக்கோ எண்ணையும் எழுத்தையும் கோட்டால் இணைப்பது, கனசதுரமும் கடிகாரமும் வரைவது ஆகியவற்றிலேயே 5 போய்விடும். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் படிக்காதவர்க்குத் தரும் சலுகை 1 மட்டுமே. பிளஸ் டூ முடித்தவருக்கும் கைநாட்டுக்காரருக்கும் அதே ஒன்றுதான். குறைந்த கல்வியுடையோருக்கென்றே மோக்காவின் அடிப்படை வடிவம் தனியாக உண்டு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு அதுவே பொருந்தும்.

மூன்று சொல்லை நினைவுகூர்வதும் ஒரு கடிகாரம் வரைவதும் மட்டுமே கொண்ட மினி-காக் சோதனை, கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவுக்கு ஏற்றது. மூன்று நிமிடம் போதும். 5-க்கு 3-க்குக் கீழ் வந்தால் ஐயம். மூன்று சொல்லையும் சொல்லிவிட்டால் கடிகாரம் கோணினாலும் தப்பலாம். கடிகாரமும் கோணி, ஒரு சொல்லும் தவறினால் தப்ப முடியாது.

ஏடி-8 என்னும் கேள்வித்தாள் நோயாளியைச் சோதிப்பதில்லை. உடன் வாழ்பவரிடம் எட்டுக் கேள்விகள் கேட்டு, முன்பிருந்த நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் மாற்றமுண்டா என்று மட்டும் அறிகிறது. இரண்டிற்கு மேலோ இரண்டோ 'ஆம்' வந்தால் ஐயம். பாட்டியை அவருடைய பழைய நிலையோடே ஒப்பிடுவதால், அவர் படிப்பு இங்கே குறுக்கிடுவது குறைவு. ஆகவே மலைக் கிராமங்களுக்கு இதையும், அத்துடன் வாய்வழியாகச் சொற்களை நினைவுகூரச் செய்வதையும் முதலில் வைப்பேன். (காது கேட்கிறதா என்று அதற்குமுன் பார்த்துக்கொள்வது நல்லது.) ஆனால் விடை சொல்பவர் அன்றாடம் உடனிருப்பவராக இருக்க வேண்டும்; ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் திருப்பூரிலிருந்து வந்துபோகும் மகனைக் காட்டிலும், தினமும் சோறு போடும் மருமகளிடம் கேட்பதே மேல்.