313 சொற்களும் ஒரு ‘செல்லாதிருப்பவரும்’

மகள் புத்தாண்டுக்கு வாங்கிக் கொடுத்த மேசைக் காலண்டர் இது. விலை 450 ரூபாய். தேதிக்கு ஒரு தாள், தாளுக்கு ஏதாவது ஒரு மொழியின் விநோதச் சொல், கீழே ஆங்கிலத்தில் நாலு வரி விளக்கம். தினம் ஒரு சொல் என்று அட்டையில் போட்டிருக்கிறார்களே தவிர, சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து ஒரே தாள்தான். ஆக 365 இல்லை, 313. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் கண்ணில் இதுதான் முதலில் பட்டது.

சொற்கள் என்னவோ சுவாரசியம்தான். பின்லாந்தில் ‘போரோன்குசேமா’ என்றொரு பழைய தூர அளவாம். வண்டியிழுக்கும் துருவ மான், சிறுநீர் கழிக்க நிற்காமல் ஓடக்கூடிய தூரம், சுமார் 7.5 கிலோமீட்டர். ஜார்ஜிய மொழியில் ‘ஷெமோமெச்சாமா’ என்றால், சாப்பிட நினைக்கவில்லை, ஆனால் எப்படியோ சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்று அர்த்தம். சர்க்கரை டாக்டரிடம் சொல்ல எனக்கு இத்தனை நாள் இந்தச் சொல் கிடைக்காமல் போயிற்று. அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

ஜூனில் ஒரு நாள் தமிழ் வந்தது. ரோமன் எழுத்தில் அச்சடித்திருந்ததால் எழுத்துக்கூட்டி வாசித்தேன். “சேலை திருப்பவரா? யாருங்க அது?” என்றாள் மனைவி. மூன்றாம் முறை வாசித்தபோதுதான் பிடிபட்டது: ‘செல்லாதிருப்பவர்’. பள்ளிக்கு ஒருவிதமாக மட்டம் போடுவதைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லாம்! முப்பது வருஷம் அட்டென்டன்ஸ் எடுத்திருக்கிறேன். மட்டம் போட்டவன் உண்டு, கட் அடித்தவன் உண்டு, தாத்தாவை மூன்று முறை சாகடித்தவனும் உண்டு. செல்லாதிருப்பவர் ஒருவர்கூட என் வகுப்பில் இருந்ததில்லை. இலக்கணப்படி பிழையில்லை, போகாமல் இருக்கிறவர், அவ்வளவுதான். இதில் மொழிபெயர்க்க முடியாதது என்ன இருக்கிறது?

மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள். 2004-இல் லண்டன் மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்று ஆயிரம் மொழி வல்லுநர்களைக் கேட்டு, மொழிபெயர்க்கக் கடினமான சொற்கள் என்று ஒரு பட்டியல் போட்டதாம். அதில் முதல் பத்துக்குள் நம் செல்லாதிருப்பவரும் இருக்கிறார். அதை அப்படியே எடுத்து அச்சடித்துவிட்டார்கள் போல.

அதற்கப்புறம் எனக்குக் காலண்டர் மேலேயே சந்தேகம். வாழைப்பழம் சாப்பிட ஆகும் நேரத்துக்கு மலாயில் ‘பிசான் சப்ரா’ என்று ஒரு தாள் சொன்னது. கிள்ளானில் இருக்கும் கொழுந்தியாளுக்கு போன் போட்டேன். “பிசாங்னா வாழைப்பழம், சரி. சப்ராவா? நான் இங்க வந்து இருபத்தாறு வருஷமாச்சு மாமா, ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்ல” என்றாள். தெரிந்த ஒரு மொழியில் கோட்டை விட்டவர்கள், விசாரிக்க ஆள் கிடைத்த இன்னொரு மொழியிலும் கோட்டை விட்டிருக்கிறார்கள். பின்லாந்தில் நமக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை.

தாள் கனமானது, எழுத்தும் பெரிசு, கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். பசைதான் மோசம், செப்டம்பருக்குள் டிசம்பர் மொத்தமும் கையோடு வந்துவிட்டது. பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் பால் கணக்கு எழுத உதவுகிறது.

ஐந்துக்கு இரண்டரை. அந்த அரை, ஷெமோமெச்சாமாவுக்காக.