சிங்க் பிரிக்கும் சர்க்யூட்: 70 மில்லிவோல்ட்டில் வெட்டுவதா, பாதியில் வெட்டுவதா?

சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பு 2019 பிறந்ததோடு நின்றுவிட்டது. ஆனால் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளின் அலமாரிகளில் கல்யாண கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன, இந்த ஊர் ஈரக்காற்றில் டேப் ஓரம் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தபடி. அக்காவின் கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்றப் போய்த்தான் நான் சிங்க் பிரிக்கும் வேலைக்குள் இறங்கினேன். படத்தின் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் துடிப்புதான் சிங்க்; அதை வீடியோ சிக்னலிலிருந்து தனியே எடுக்க வேண்டும். வீடியோக்காரர் லைட்டை அணைக்கும் இடங்களில் எல்லாம் படம் உருண்டது. ஐசி மேல் சந்தேகப்பட்டேன். கோளாறு அதற்கு முன்னால் இருந்த கெபாசிட்டரில் இருந்தது.

முதலில் சிக்னலைப் பார்த்துவிடலாம். இங்கே இருந்தது பால் (PAL) எனும் ஒளிபரப்பு முறை: மொத்தம் 1 வோல்ட், அதில் அடியில் உள்ள 300 மில்லிவோல்ட் சிங்க். ஒரு வரிக்கு 64 மைக்ரோநொடி, அதில் சிங்க் துடிப்பு 4.7.

ஒற்றை டிரான்சிஸ்டர் சர்க்யூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேஸ் சந்தியே கிளாம்ப் வேலையை, அதாவது சிங்க்கின் அடியை ஒரே மட்டத்தில் பிடித்து வைப்பதை, செய்யும், பழைய டிவிகளில் அதுதான் இருந்தது. ஆனால் சந்திக்கே 0.6 வோல்ட் போய்விடுவதால் 1 வோல்ட் சிக்னலை முதலில் பெருக்க வேண்டும். வெட்டும் இடமும், அதாவது இதற்குக் கீழே இருப்பது சிங்க் என்று பிரிக்கும் கோடும், சூட்டோடு நகரும். கற்றுக்கொள்ள நல்லது, கேசட்டுக்கு வேண்டாம்.

உண்மையான போட்டி எல்எம்1881, எல்எம்எச்1981 என்ற இரண்டு சிங்க் பிரிக்கும் ஐசிகளுக்கும் இடையேதான். முன்னது சிங்க்கின் அடியிலிருந்து எப்போதும் 70 மில்லிவோல்ட் மேலே வெட்டும். பின்னது சிங்க்கின் உயரத்தை அளந்து சரிபாதியில் வெட்டும்.

எல்எம்1881-இன் உள்ளீட்டுக் கெபாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட். ஐசி அதை ஏறக்குறைய 11 மைக்ரோஆம்பியரில் வடிக்கிறது. வரிக்கு 7 மில்லிவோல்ட் நகரும். 0.01 போட்டால் வரிக்கு 70, அதாவது வெட்டும் அளவு முழுவதும் சாய்விலேயே போய்விடும். பெரிதாக இருந்தால் நல்லது என்று நான் 1 மைக்ரோஃபாரட் போட்டிருந்தேன். அப்போது வரிக்கு 0.7 தான். லைட் அணைந்ததும் பிளேயரின் வெளியீட்டுக் கெபாசிட்டரால் சிக்னல் முழுக்க மெல்ல மேலே மிதக்கும். கிளாம்ப் அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் சிங்க் 70 மில்லிவோல்ட் கோட்டைத் தாண்டிப் போயிருக்கும். 0.1-க்கு மாற்றினேன், படம் நின்றது.

அப்புறம் நிறம். பால் முறையில் முழுச் செறிவு நீலம் கருப்பு மட்டத்துக்குக் கீழே 233 மில்லிவோல்ட் வரை இறங்கும். சிங்க் அடிக்கும் அதற்கும் இடைவெளி 67 தான்! 70-இல் வெட்டினாலும் தப்பாது. பாதியில், அதாவது 150-இல் வெட்டும் ஐசிக்கு ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வரும் நிறக் குறி அலையே அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். ஆகவே இரண்டுக்கும் வடிகட்டி வேண்டும்: தொடரில் 620 ஓம், தரைக்கு 510 பிக்கோஃபாரட். 4.43 மெகாஹெர்ட்ஸ் நிற அலை ஒன்பதில் ஒரு பங்காகிவிடும்.

இந்த வடிகட்டியின் விலை தாமதம்தான், இரண்டு ஐசிக்கும் வித்தியாசம் தெரிவதும் இங்கேதான். கூர்மையான விளிம்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால், 70-இல் வெட்டுவது 460 நானோநொடி தள்ளிப் போகிறது. கம்பியின் முடிவில் தரைக்குப் போட வேண்டிய 75 ஓம் மின்தடையை மறந்து சிக்னல் இரட்டிப்பானால் அதுவே 680. அந்த 220 நானோநொடி, 720 பிக்சல் படத்தில் 3 பிக்சல். பாதியில் வெட்டினால் இரண்டு நிலைக்கும் அதே 219. சிக்னல் ஏறினாலும் இறங்கினாலும் விளிம்பு அசையாது. தேய்ந்த டேப்பின் இரைச்சலிலிருந்தும் பாதிக் கோடு அதிகம் தள்ளி நிற்கிறது.

ஆகவே பழைய கேசட்டுக்கு என் ஓட்டு எல்எம்எச்1981-க்கு, 14 கால் பொடி ஐசியை அடாப்டர் பலகையில் பற்றவைக்கும் சிரமம் இருந்தாலும். நல்ல கேமராவோ பழைய கேம் கன்சோலோ என்றால் பிரெட்போர்டில் நேராகக் குத்தக்கூடிய எட்டுக் கால் எல்எம்1881 போதும்.

எதை எடுத்தாலும் சரி, 75 ஓமுக்கு அடுத்து கம்பியை இரண்டாகப் பிரியுங்கள். வடிகட்டி சிங்க் கிளையில் மட்டும் இருக்கட்டும். படம் போகும் கிளையில் அதை வைத்தால் அக்காவின் கூறைப்புடவை நிறம் போய்விடும்.