சைலிட் பூச்சிக்கு மருந்தா, குளவியா, வலையா?

ஆரஞ்சு, எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் கிரீனிங் நோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. அதை மரத்துக்கு மரம் சுமந்து போவது, மூன்று நான்கு மில்லிமீட்டரே இருக்கும் ஆசிய சைலிட் பூச்சி. நோய் தொற்றிய மரத்தைக் குணமாக்க வழியில்லை. அதனால் அடி முழுக்கப் பூச்சி மேல்தான் விழுகிறது.

வேகம் என்று பார்த்தால் மருந்துதான். ஆனால் நாள் தவறினால் காசு வீண். பெண் பூச்சி இளந்துளிரில் மட்டுமே முட்டையிடும். துளிர் விரிந்து குஞ்சு பொரித்தபின் அடிப்பதைவிட, துளிர் எட்டிப்பார்க்கும்போதே தாய்ப்பூச்சிகளை அடிப்பது மேல். இளமரங்களுக்கு வேரடியில் ஊற்றும் இமிடாகுளோபிரிட் வாரக்கணக்கில் காக்கும், பெரிய மரத்தில் அவ்வளவாக எடுபடாது. பூக்கும் பருவத்தில் தேனீக்களுக்காக அதைத் தொடவே கூடாது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி அதற்குப் பழகிவிடும்.

டமரிக்ஸியா ரேடியாட்டா என்ற குளவி சைலிட் குஞ்சின் அடியில் முட்டையிடும், சில குஞ்சுகளைத் தானே தின்றும் விடும். ஆனால் பறக்கும் பூச்சியை அது தொடாது. புளோரிடாவில் 1998இல் சைலிட் தென்பட்டதும் இந்தக் குளவியை விட்டார்கள். 2005இல் கிரீனிங் வந்தேவிட்டது. பூச்சி குறைவது வேறு, நோய் நிற்பது வேறு. மருந்தடிக்கும் தோட்டத்துக்குள் குளவியை விடுவதும் வீண்வேலை. கைவிடப்பட்ட தோப்பு, வீட்டு மரங்கள், கறிவேப்பிலைச் செடி (அதிலும் சைலிட் பெருகும்) என்று யாரும் மருந்தடிக்காத இடங்களில் விட்டால் உள்ளே வரும் கூட்டம் குறையும். என் கணக்கில் குளவியின் இடம் வேலிக்கு வெளியேதான்.

நுண்வலைக் கூடாரம் பூச்சியை உள்ளேயே விடாது. ஆனால் செலவு அதிகம். இயற்கை எதிரிகளும் வெளியே நின்றுவிடுவதால் சிலந்திப்பூச்சியும் செதில்பூச்சியும் உள்ளே கொழிக்கலாம். நாற்றங்காலுக்கு மட்டும் யோசிக்காமல் போடலாம். அங்கேயும் நோயுள்ள மரத்திலிருந்து மொட்டு எடுத்து ஒட்டுக்கட்டினால் வலை இருந்தும் பயனில்லை.

இதே மரங்களைத் தாக்கும் இன்னொரு நோயான டிரிஸ்டீசா வைரஸில் கணக்கே மாறுகிறது. அதைப் பரப்பும் அசுவினிப் பூச்சி, மருந்தில் சாகுமுன்பே வைரஸைக் கடத்திவிடும். நாரத்தை வகை வேர்ச்செடியை (ஒட்டுக்கட்டும்போது வேர்ப்பகுதியாக அமையும் செடி) விட்டுத் தாங்கும் வேர்ச்செடிக்கு மாறினால் ஆரஞ்சு தப்பிக்கும். எலுமிச்சைக்கு அதுவும் போதாது, ஏனென்றால் அதன்மேல் ஒட்டிய மேல்மரமே நோய்க்கு ஆளாகும். வீரியம் குறைந்த வைரஸ் வகையை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் முறைதான் அங்கே கைகொடுக்கிறது.